புதிய பல் மருத்துவர்களுக்கு: வாய்க்குள் படம் எடுக்கச் சில குறிப்புகள்

கிளினிக் திறக்கும்போது நாற்காலி, எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ் என்று எல்லாம் வாங்குகிறோம். கேமராவை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். சிகிச்சைக்கு முந்தைய நிலையைப் பிறகு எடுக்கவே முடியாது. அதனால் முதல் நோயாளியிலிருந்தே தொடங்கிவிடுங்கள்.

1. பணத்தை லென்ஸிலும் ஃப்ளாஷிலும் போடுங்கள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அதன் முனையில் மாட்டும் ரிங் ஃப்ளாஷ் இரண்டும் நன்றாக இருந்தால், கேமரா செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் போதும்.

2. ஆட்டோ மோட் வேண்டாம். வாய்க்குள் எஃப் 22, ஷட்டர் 1/160, ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்துத் தொடங்கலாம். துளை இவ்வளவு சிறிதாக இருந்தால்தான் முன்பல்லிலிருந்து கடைவாய்ப்பல் வரை தெளிவாக விழும். முகத்துக்கு எஃப் 8 அல்லது 11. வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ ஃப்ளாஷின் அளவை மாற்றுங்கள்.

3. ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் முன்னும் பின்னும் லேசாக அசைந்து தெளிவு பாருங்கள். ஒவ்வொரு முறையும் வளையம் அதே இடத்தில் இருந்தால், ஆறு மாதம் கழித்து எடுக்கும் படமும் அதே அளவில் வரும். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

4. பலரும் திணறுவது வாய்க்கண்ணாடியில்தான். சாதாரணக் கண்ணாடியில் பல் இரண்டாகத் தெரியும். முன்பக்கம் பூச்சுள்ளதையே வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துத் துடைத்தால் ஆவி படியாது. நோயாளியை மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். உதவியாளர் ஏர் சிரிஞ்சால் மெல்லக் காற்று காட்டட்டும். கீழ்த்தாடைக்கு, நாக்கு கண்ணாடிக்குப் பின்னால் போக வேண்டும். உதட்டை விலக்கும் ரிட்ராக்டரை நனைத்துப் போட்டால் வலிக்காது. எச்சிலை உறிஞ்சிய பிறகே கிளிக். கண்ணாடியில் எடுத்த படத்தைக் கணினியில் திருப்பிப் போட மறக்காதீர்கள், வலது இடதாகிவிடும்.

5. கேப்புக்கு நிறம் பார்க்கும் படத்தை வேலை தொடங்கும் முன்பே எடுங்கள். வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். அந்த நிறத்தை நம்பி லேப் செய்துதருவது பொருந்தாது. ஷேட் டேபைப் பல்லின் நுனியோடு நுனி வைத்து, அதன் எண்ணும் தெரியும்படி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

6. இப்போதைக்குப் போன்தான் என்றால், கிட்டப் போகாதீர்கள். முன்பல் பெரிதாகி முக அமைப்பே மாறித் தெரியும். சற்று விலகி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள்.

7. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுக்கு ஒன்று, வெளியே காட்ட வேறொன்று. எடுத்த படங்களை அன்றைக்கே நோயாளியின் பதிவில் சேர்த்துவிட்டு, போன் கேலரியிலிருந்து நீக்கிவிடுங்கள். முகம் தெரியும் படத்தை, அவர் சரி என்று கையெழுத்திடாமல் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள்.