பாசறையில் பயின்ற தொண்டு

1907 ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் வித்து. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகத் தங்கி, தடமறிதல், முடிச்சிடுதல், உயிர்காத்தல் ஆகியவற்றைப் பயின்றனர்.

ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியச் சிறுவர்களுக்குத் தொடக்கத்தில் இவ்வியக்கத்தில் இடமில்லை. அத்தடையை ஏற்காத அன்னி பெசன்ட் அம்மையார், சென்னையில் அவர்களுக்கெனத் தனிச் சாரணர் அமைப்பைத் தோற்றுவித்தார். பின்னர், விடுதலை பெற்ற நாட்டில் அமைப்புகள் ஒன்றிணைந்து, 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

முடிச்சிடக் கற்ற கை வெள்ளத்தில் தவிப்பவர்க்குக் கயிறு வீசும். கட்டுப்போடக் கற்ற கை விபத்தில் வீழ்ந்தவரின் குருதிப்பெருக்கை நிறுத்தும். நாள்தோறும் ஒரு நற்செயல் என்பது சாரணர் நெறி. பாசறைப் பயிற்சி, பிறர் துயர் துடைக்கும்போதே நிறைவு பெறுகிறது.