சங்கத்துக்கு ஒரு பழைய மடிக்கணனி: வாங்குவதும் வன்தட்டு மாற்றுவதும்

குச்சவெளிப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்திடம் காணி உறுதி எங்கே என்று கேட்டால், பதில் அநேகமாக ஓர் ஆண்டைச் சொல்லித்தான் தொடங்கும். 1985இல் வீட்டோடு எரிந்தது. 1990இல் ஓடும்போது விட்டுவந்தது. 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனது. எஞ்சியிருப்பது அனுமதிப்பத்திரத்தின் மங்கிய போட்டோக்கொப்பி, ஒரு பழைய பற்றுச்சீட்டு, கிராம உத்தியோகத்தர் எழுதிக்கொடுத்த ஒரு கடிதம். இவற்றைப் படமெடுத்துச் சங்கத்துக் கணனியில் சேர்த்து வைப்பது நல்ல வேலை. ஆனால் அக்கணனியின் உள்ளே இருக்கும் வன்தட்டுக்கு எத்தனை வயது என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வன்தட்டு என்பது பெயருக்கேற்ப ஒரு தட்டுத்தான். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் முதன்முதலாக வெளியிட்ட வன்தட்டில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுக்கள் இருந்தன. அவையெல்லாம் சேர்ந்து கொண்டது ஏறக்குறைய ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டொரு படத்துக்கு அது போதாது. மடிக்கணனியின் வன்தட்டு உள்ளங்கை அளவானது. அதன் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். மேலே ஒரு சிறு கை, தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதந்தபடி எழுதும், வாசிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணனியை அணைக்காமல் மடித்துப் பையில் போட்டு, புல்மோட்டை வீதியில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இப்போது கிடைக்கும் எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டோ அசையும் கையோ இல்லை. பழைய தட்டில் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கச் செக்கனில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் செல்லும். இதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். கணனி திறக்கும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. 'கணனி பழசாகிவிட்டது, அதுதான் இழுக்கிறது' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தத் தட்டின் தாமதமே. பத்து வயதுக் கணனியும் தட்டை மாற்றியவுடன் சுறுசுறுப்பாவது இதனாலேதான்.

வாங்கும்போது

சங்கத்திடம் 60,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுவதுமாக இயந்திரத்துக்குக் கொடுத்துவிடக்கூடாது. நாலில் ஒரு பங்கு, அதாவது 15,000 ரூபாவைத் தட்டுக்கும், அதன் வெளிக்கூட்டுக்கும், கூலிக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மாடு வாங்கினவன் கயிற்றுக்குக் கடன் கேட்கும் நிலை வேண்டாம்.

கணனியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் ஐ3, ஐ5 என்பதைப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் பலர். கேட்க வேண்டியது அதன் பின்னுள்ள இலக்கம். ஐ5-4300 என்றால் நாலாம் தலைமுறை; ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். இதனால் அதற்கு முந்தியவற்றைப் பலர் விற்றுத் தள்ளுகிறார்கள். அவற்றை ஒதுக்கவேண்டும் என்பதில்லை. லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளம் அவற்றில் நன்றாக ஓடும், தமிழிலும் எழுதலாம். ஆனால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்கவேண்டும். ராம் நினைவகம் 4 ஜிகாபைட்டுக்குக் குறைந்தால் வேண்டாம். 8 இருந்தால் நல்லது.

மின்கலத்தை விற்பவரின் வாய்ச்சொல்லில் நம்பவேண்டாம். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் கடையிலேயே ஓடவிடுங்கள். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரமின்றி இருந்ததை நாம் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போய் கணனி சட்டென அணைந்தால் கோப்புகள் பழுதாகும். அடுத்ததாக, யூ.எஸ்.பி. துளைகளையும் திருகாணிகளையும் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது உப்புக்காற்றில் இருந்த இயந்திரம். கடலோரத்தில் வாழும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டில் கணனியின் தொடரிலக்கத்தை எழுதுவிக்கவும் மறவாதீர்கள். தர மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

மாற்றும்போது

எஸ்.எஸ்.டி.யில் எல்லாம் ஒன்றல்ல. பழைய வன்தட்டைப் போலவே இரண்டரை அங்குலப் பெட்டியாக வருவது ஒன்று. சூயிங்கம் துண்டு போல மெல்லிய பலகையாக வருவது மற்றொன்று. இதிலும் இரு வகை உண்டு, ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். பாதுகாப்பான வழி, கணனியையே கடைக்குக் கொண்டுபோவது. 240 அல்லது 256 ஜிகாபைட் ஒரு சங்கத்தின் தேவைக்குத் தாராளம்.

வாங்கிய கணனியில் முந்திய உரிமையாளர் விட்டுச்சென்றதை அப்படியே வைத்திருக்கவேண்டாம். புதிய தட்டில் இயங்குதளத்தைப் புதிதாகவே ஏற்றுங்கள். சங்கத்தின் பழைய கணனியில் மாற்றுவதானால் ஒழுங்கு தலைகீழ்: முதலில் ஆவணங்களை வேறிடத்தில் பிரதி செய்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே திருகாணியில் கைவைக்கவேண்டும். தட்டு 'டக், டக்' என்று சத்தமிட்டால் திரும்பத் திரும்ப முயலாமல், திறக்கக்கூடிய முக்கிய கோப்புகளை எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள்.

மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றியபின் வேலையைத் தொடங்குங்கள். ஒரு தாளில் கணனியின் படத்தைக் கீறி, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் வைத்தால் போதும். நீளமான ஒன்றைக் கட்டையானதன் துளையில் இறுக்கினால் உள்ளிருக்கும் பலகை உடையும்.

எமது பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சங்கங்களின் பழைய அறிக்கைகள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதிய தட்டில் அவ்வெழுத்துரு இல்லாவிட்டால் கூட்டறிக்கை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை ஏற்றினால் தமிழ் திரும்பி வரும். ஆறுதலாக அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி. சத்தமிட்டு எச்சரிப்பதில்லை, ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடும். அதனால் கழற்றிய பழைய தட்டு நல்ல நிலையில் இருந்தால் வெளிக்கூட்டில் போட்டு இரண்டாம் பிரதிக்கு வையுங்கள். மூன்றாம் பிரதி ஊருக்கு வெளியே, திருகோணமலையிலுள்ள நம்பிக்கையான ஓர் உறவினரிடமோ பங்குமனையிலோ இருக்கட்டும். ஓடவேண்டி வந்த நாட்களில் ஒரே பெட்டியில் இருந்தவையே முழுவதுமாகத் தொலைந்தன.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: எமது கணனியிலுள்ள காணி ஆவணங்களுக்கு இப்போது எத்தனை பிரதிகள் உள்ளன? தலைவரும் செயலாளரும் ஊரில் இல்லாத நாளில், ஒரு விதவைத் தாய் தன் அனுமதிப்பத்திரத்தின் பிரதியை யாரிடம் கேட்டுப் பெறுவார்?