முழு ஆக்சிலரேட்டரில் கார் திணறுகிறதா?

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்த மிதித்தால் பெட்ரோல் கார் இழுக்கவில்லையா? இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) மேப்பைத் தொடும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. இன்ஜின் நன்கு சூடான பிறகே ஓபிடி ஸ்கேனரைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஃபியூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) கணக்கு சரியாக வராது.

2. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். +10% தாண்டினால் பெட்ரோல் போதவில்லை. -10%க்குக் கீழே போனால் அதிகம்.

3. ஐடிலில் மட்டும் பிளஸ் ஏறினால் வேக்குவம் ஹோஸைச் சோதியுங்கள். எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. வேகம் கூடும்போது ஏறினால் பெட்ரோல் ஃபில்டரையும் பம்ப் பிரஷரையும் பாருங்கள்; பெட்ரோல் வரத்து குறைந்திருக்கலாம்.

4. முழு த்ராட்டிலில் ட்ரிமை நம்பாதீர்கள். அப்போது பெரும்பாலான இசியூக்கள் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை.

5. முழு த்ராட்டில் நிலையை வைட்பேண்ட் சென்சார் பொருத்திப் பாருங்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்குக் காற்று–பெட்ரோல் விகிதம் பொதுவாக 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டும்; 14.7-ஐ நெருங்கினால் சூடேறி நாக்கிங் வரலாம்.

6. சோதனையை டைனோவில் அல்லது அனுமதி பெற்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் செய்யுங்கள். கம்பெனி பஸ்கள் ஓடும் சாலை அதற்கான இடமல்ல.

கசிவையும் பிரஷரையும் சரிசெய்யாமல் மேப்பை மட்டும் மாற்றினால் கோளாறு மறையும், தீராது.