பெட்டியடிப் பையனும் பொட்டலம் கட்டும் பையனும்

பல்லடம் பக்கம் நாலு கடைக்காரர்கள் கூடினால் முதற்பேச்சு விலைவாசி. அடுத்த பேச்சு, “கடையில் ஆள் நிற்பதில்லை” என்பது. நானும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஐந்து வருடம் என்னிடம் எடை போட்ட தம்பி ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்றார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன். “சம்பளத்துக்கு இல்லீங்கண்ணா. அங்கே கைமடியாகச் சேர்ந்தாலும் நாளைக்கு டெய்லர் ஆகலாம். இங்கே என்ன ஆவேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன காலத்தில் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் புதிதாக வந்தவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலைதான், ஆனால் சிட்டை எழுதுவதும், வட்டி போடுவதும், கடன் கேட்டு வந்தவரை மேலாள் அளந்து பார்ப்பதும் அவன் கண்முன்னே நடக்கும். பிறகு அடுத்தாள். தேறினால் மேலாள், அதாவது முதலாளிக்காகக் கடையையே நடத்துபவர். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். பிற்பாடு சொந்தக் கடை வைத்தவர்களும் உண்டு. (சிறுவர்களை அனுப்பிய பழக்கம் நமக்கு வேண்டாம். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பது 2016 திருத்தத்துக்குப்பின் எந்தக் கடையிலும் குற்றம்.) 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வியாபாரம் சிதறியது. அந்தப் படிக்கட்டை நம் கடையில் வைக்க பர்மா வேண்டியதில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பொட்டலம் கட்ட வந்தவரைக் கடைசிவரை பொட்டலமே கட்ட வைக்கிறோம். பேரேட்டைக் காட்டினால் நாளை எதிரே கடை போட்டுவிடுவார் என்ற பயம். போடட்டுமே! காட்டாவிட்டாலும் போய்விடத்தானே செய்கிறார்?

நாமும் படித்து முடித்தவர்கள் அல்ல. 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தில் பழகியவர்கள் 2007இல் வாட் படித்தோம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. படித்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கம்ப்யூட்டரில் அதை எனக்கு மாற்றிக் கொடுத்தவர் கடையில் இருக்கும் பிளஸ் டூ படித்த தம்பிதான். பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் கேட்கும் ஆட்டாவுக்கும் கடுகெண்ணெய்க்கும் இந்தியில் விலை சொல்ல அவரிடமே கற்றேன்.

பதிலுக்கு, கடை சாத்தியபின் வாரம் இருநாள் அரைமணி நேரம் அவருக்குச் சிட்டையும் பேரேடும் சொல்லித் தருகிறேன். மல்லியைக் கையில் அள்ளி ஈரம் பார்க்கப் பழக்கியாயிற்று. யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பதுதான் கடைசிப் பாடம். அதில் எனக்கே இன்னும் தவறுகிறது. போன மாதம் ஈரோட்டுக்கு மஞ்சள் கொள்முதலுக்குத் தனியாக அனுப்பினேன். விலை கொஞ்சம் கூடத்தான் கொடுத்து வந்தார். அடுத்த முறையும் அவரைத்தான் அனுப்பப் போகிறேன்.