மலை நாடுகள் சேர்ந்து நடத்தும் பயிற்சி

புவியியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். காலநிலை தொடர்பான வேலைக்கு, அண்டை நாடுகள் இணைந்து நடத்தும் பயிற்சி ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவி, சேலம்

உண்டு. காத்மாண்டுவில் 1983-இல் தொடங்கப்பட்ட 'இசிமோட்' என்ற மலை மேம்பாட்டு மையத்தில் இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியான்மர், சீனா ஆகிய எட்டு நாடுகள் உறுப்பினர்கள். பிணக்குள்ள நாடுகளும் இதில் சேர்ந்திருப்பது பெரிய விஷயம். இந்த ஒத்துழைப்பு ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பிரம்மபுத்திரா ஆறு திபெத்தில் பிறந்து இந்தியா வழியாக வங்கதேசத்துக்குப் பாய்கிறது. மேலே பனி உருகும் கணக்கு கீழே இருப்பவருக்கும் தேவை.

இளைஞர்களுக்கான களப்பயிற்சி இந்த மையத்தின் சிறப்பு. நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் உள்ள யாலா பனியாற்றில் பல நாட்டு மாணவர்கள் அளவீடு கற்றிருக்கிறார்கள். பனிக்கட்டியில் துளையிட்டு மூங்கில் கழியை நடுவார்கள். பனி உருக உருகக் கழி வெளியே தெரியும். அந்த நீளத்தை அளந்தால் எவ்வளவு பனி கரைந்தது என்று தெரியும். இத்தனை எளிய முறைதான் ஆய்வுகளுக்கு அடிப்படை. செயற்கைக்கோள் படங்களைப் படிக்கவும் வெள்ள அபாயத்தைக் கணிக்கவும் மையத்தில் பயிற்சி உண்டு. இமாலயப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு என்ற வலையமைப்பும் இம்மையத்தைச் சார்ந்ததே.

விண்ணப்பிக்கும் முன் நிலவரைபட மென்பொருளில் கைப்பழக்கம் வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளும் லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்களும் இலவசம். இறுதியாண்டு ஆய்வுக்கு மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பரப்பளவு ஆண்டுதோறும் மாறுவதை எடுத்துக்கொண்டால், அதுவே விண்ணப்பத்துடன் இணைக்கத் தகுந்த சான்றாகும்.