மீன் செதிலும் மளிகைக் கடையும்



மளிகை வியாபாரிக்கும் மீன் செதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நாம் விற்பது புளி, மிளகாய், மல்லி, மஞ்சள், கல்லுப்பு. மீன் விற்பவர்கள் வேறு. ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நம் கடைக்கு வருகிறவர்களில் பலர் கையில் மீன் பையோடுதான் வருகிறார்கள். குழம்பு சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டால் அவர்கள் முதலில் சந்தேகப்படுவது மீனை அல்ல, நம்மிடம் வாங்கிய மசாலாவைத்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நடந்த சம்பவம்

2009-ஆம் ஆண்டு, மீன்பிடித் தடைக்காலம். சிதம்பரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பிரித்த மீன் மசாலா பாக்கெட்டோடு என் மொத்தக் கடைக்கு வந்தார். "முதலாளி, இதைப் போட்டுக் குழம்பு வெச்ச வீட்ல நாலு பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி. என் கடையில கலப்படம்னு தெருவே பேசுது" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே நாள் அரைத்த இரண்டு மூட்டைகளையும் விற்காமல் ஒதுக்கி வைத்தேன்.

பிறகு விசாரித்தோம். முதல் நாள் அதே பாக்கெட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வாங்கியது வெளியூரிலிருந்து வந்த கானாங்கெளுத்தி. காலையில் வாங்கி, சைக்கிளில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வந்து, ஐஸும் வைக்காமல், குடலும் எடுக்காமல் மதியம் வரை அப்படியே வைத்திருந்தார்கள். வைத்தியம் பார்த்த டாக்டர், "இது மீனால் வந்தது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தக் குடும்பம் அந்தக் கடைக்குத் திரும்ப வரவே இல்லை.

இதில் என் தவறும் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே கடைக்காரரிடம், "மீன் லேசாக வாடை வந்தாலும் பயமில்லை தம்பி, புளியும் மஞ்சளும் கூடப் போடச் சொல்லு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு அம்மாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். வியாபாரம் கூட வேண்டும் என்று சொன்ன வார்த்தை, வியாபாரத்தையே கெடுத்தது.

புளி செய்வதும் செய்யாததும்

மீன் கெடத் தொடங்கும்போது காரத்தன்மையுள்ள ஒரு பொருள் உண்டாகி வாடை அடிக்கிறது. புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு அந்த வாடையை அடக்கிவிடும். வாடை போய்விட்டது, கெடுதல் போகவில்லை. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். முகம் சிவப்பு, அரிப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் அதனால் வருவதே. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதைத் தடுக்க ஒரே வழி, பிடித்தது முதல் சமைக்கும் வரை குளிர்ச்சியில் வைப்பது. மஞ்சளும் உப்பும் நல்ல மீனுக்குத் துணை. கெட்ட மீனுக்கு மருந்து அல்ல.

செதில் சொல்லும் செய்தி

செதில் என்பது மீனின் கவசம். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் ஒரு வகைப் புரதமும் சேர்ந்தது. பெரும்பாலான மீன்களுக்கு வயது கூடும்போது செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கும் செதிலே பெரிதாகிறது. மரத்தின் வளையம் போலச் செதிலிலும் வளையம் உண்டு. ஆய்வாளர்கள் அதை உருப்பெருக்கியில் பார்த்து வயதைக் கணக்கிடுகிறார்கள். குளிர்ப் பிரதேச மீனில் இந்த வளையம் தெளிவாகத் தெரியும். நம் வெப்பக் கடல் மீனில் அவ்வளவு தெளிவு இருக்காது.

நமக்கு வேண்டியது வயது அல்ல, புதுசா பழசா என்பதே. மடவை, கொடுவா, சங்கரா, கெண்டை போன்ற மீன்களில் செதில் உடம்போடு இறுக ஒட்டிப் பளபளப்பாக இருந்தால் மீன் புதுசு. கை பட்டதும் கொட்டினால் யோசிக்க வேண்டும். ஆனால் மத்திக்கு வலையிலேயே செதில் உதிர்ந்துவிடும். அதைச் செதிலால் மதிப்பிடக்கூடாது. எனவே கண் புடைத்துத் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, அழுத்திய சதை மேலெழும்புகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். செவுள் வெளுத்துச் சளி கட்டியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

ஊட்டி டிரவுட் தரும் பாடம்

எல்லா மீனுக்கும் செதில் எடுக்கத் தேவையில்லை. வஞ்சிரத்துக்குச் செதில் இல்லை என்றே சொல்லலாம். வாளைக்கும் கெளுத்திக்கும் இல்லவே இல்லை. நம் மாநிலத்தில் இன்னொரு உதாரணம் நீலகிரியில் உண்டு. வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிரவுட் மீனுக்காக அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். மடவையின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஒரு வரிசையில் சுமார் 40 செதில் என்றால், டிரவுட்டுக்கு 100-க்கும் மேல். அவ்வளவு பொடி. அதனால் பலரும் அதற்குச் செதில் சுரண்டுவதில்லை. மேலே உள்ள வழுவழுப்பை மட்டும் தேய்த்துக் கழுவி, தோலோடு சமைக்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிரவுட் பிடிக்கத் தெரிந்தவர்கள் மீன் கிடைத்ததும் ஓடைக்கரையிலேயே வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்துவிடுவார்கள். அத்தனை குளிரிலேயே அந்த அவசரம் என்றால், கடலூர் வெயிலில் நாம் எவ்வளவு அவசரப்பட வேண்டும்! குடலில் உள்ள செரிமான நீரும் கிருமிகளும்தான் சதையை முதலில் கெடுக்கின்றன.

சுத்தம் செய்யும் முறை

1. வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்ய நேரமில்லை என்றால், மீனின் எடைக்குச் சமமான ஐஸைத் தூளாக்கி மேலும் கீழும் போட்டு வைக்கவும். உருகும் நீர் வடிய வழி வேண்டும்.

2. முதலில் துடுப்புகளையும் முட்களையும் வெட்டிவிடவும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல அறுக்கும், கவனம் தேவை.

3. மீனை நனைத்துக்கொள்ளவும். காய்ந்த செதில் தெறித்து எங்கும் ஒட்டும். வாலைப் பிடித்துக்கொண்டு, கத்தியின் பின்பக்கத்தால் வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்டவும். வயிற்றில் அழுத்தக்கூடாது.

4. கெளுத்தியை அடுப்புச் சாம்பல் அல்லது கல்லுப்பு போட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு போகும். சுறாவுக்குக் கொதிநீர் ஊற்றினால் மணல் போன்ற மேல்தோல் சுரண்ட வரும்.

5. வயிற்றை மேலாகக் கீறிக் குடலை எடுக்கவும். ஆழமாகக் கீறினால் பித்தப்பை உடைந்து குழம்பு கசக்கும். செவுளையும் எடுத்துவிடவும்.

6. முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்தெடுக்கவும். மடவையின் வயிற்றில் உள்ள கறுப்புச் சவ்வையும் உரிக்கவும். குழம்பில் வரும் கவிச்சிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே காரணம்.

7. கல்லுப்பு தேய்த்து முழு மீனாகவே அலசி, நீரை வடித்து, அதன்பின் துண்டு போடவும். துண்டுகளைத் தண்ணீரில் ஊறவிட்டால் ருசி தண்ணீரோடு போய்விடும். மஞ்சள் தடவுவது கடைசியில்தான்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

2018-இல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்ட செய்தியை அனைவரும் அறிவோம். அதன் பிறகு மக்களுக்கு மீன் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. தடைக்காலத்தில் வெளியூர்ச் சரக்கு வரும்போது இந்தச் சந்தேகம் கூடும். அப்போது நம் வாடிக்கையாளர் நம்மிடமும் ஆலோசனை கேட்பார். தெரிந்ததைச் சொல்வோம்: "மீனை வாங்கினதும் நேரா வீட்டுக்குப் போங்கம்மா, உடனே குடலை எடுங்க, இல்லைன்னா ஐஸ் போடுங்க. வாடை வந்தால் புளி போட்டு மறைக்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அதோடு நம் சரக்குக்கும் கணக்கு வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒவ்வொரு மூட்டையிலும் அரைத்த தேதியையும் வரிசை எண்ணையும் எழுதுகிறேன். பில்லிலும் அதே எண் இருக்கும். ஒவ்வொரு அரைப்பிலும் கால் கிலோ எடுத்து மூடி வைக்கிறேன். புகார் வந்தால் அதைச் சோதனைக்கு அனுப்பலாம். தவறு நம்முடையது என்றால் ஒப்புக்கொள்ளலாம். இல்லை என்றால் தலைநிமிர்ந்து சொல்லலாம். சில்லறை வியாபாரிகளும் பாக்கெட் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது.

ஒதுக்கி வைத்த அந்த இரண்டு மூட்டை மசாலாவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு பரவிய பிறகு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. நஷ்டம் என்று எழுதிவிட்டேன். பணம் மறுவருஷம் வந்துவிட்டது. அந்தச் சில்லறைக் கடைக்காரர் இழந்த வாடிக்கையாளர் வரவில்லை. நான் தெரியாமல் சொன்ன ஆலோசனைக்கு அவர் கொடுத்த விலை அது. நம் சக வியாபாரி எவருக்கும் அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

வாழ்க வணிகர் ஒற்றுமை.