இடைவயதில் ஒழுக்க மீட்சி

நோயாலோ, வறுமையாலோ, உற்றாரைப் பிரிந்த துயராலோ சில ஆண்டுகள் நிலைகுலைந்தமையின், வைகறைத் துயிலெழுதலும், நீராடலும், அளவறிந்து உண்ணலும், நியம வழிபாடும் கைநெகிழ விட்ட இடைவயதினர், அவற்றை மீளவும் கைக்கொள்ளுதல் கூடுமோ என்று ஐயுறுதல் இயல்பு. அவ்வையத்திற்குச் சித்தாந்த சைவம் தரும் விடையை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் நூற்றுணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்கண் காட்டுமாறு போல, உயிரும் தான் அடுத்ததன் இயல்பிற்றாய் நிற்கும். ஆகவே, தீய பழக்கம் உயிர்க்கு இயற்கையன்று; சார்பால் வந்தது. சார்பால் வந்தது சார்பு மாறின் நீங்கும். பலர் தம் மனவுறுதி யொன்றையே நம்பி முயன்று இளைப்பர். முதற்கண் நாடற்பாலது நற்சார்பேயாம்.

இதற்குத் தக்க சான்று திருநாவுக்கரசு நாயனார் வரலாறு. புதுச்சேரிக்குத் தெற்கே அணித்தாயுள்ள திருப்பாதிரிப்புலியூரில், சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பூண்டிருந்த அவரைச் சூலைநோய் பற்றியது. அமுதமைப்பானைத் தமக்கையார்பால் விடுத்தார். திலகவதியார் ஆண்டு வர இசைந்திலர். நாயனார் பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்டுகில் உடுத்து, இரவிலேயே கெடிலக் கரையிலுள்ள திருவதிகையை அடைந்தார் என்பது சேக்கிழார் உரைக்கும் வரலாறு.

ஈண்டு உய்த்துணரற்பாலது ஒன்றுண்டு. தமக்கையார் தம்பியார்க்கெனப் புதுநியமம் ஒன்றும் வகுத்திலர். திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிப் போதில் அலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டு, தாம் நாடோறும் செல்லும் திருப்பணிக்கே சென்றார். அவரையும் உடன் கொண்டார். ஒருவர் பல்லாண்டு இடையறாது காத்த ஒழுக்கமே, தளர்ந்த மற்றொருவர்க்குப் பற்றுக்கோடாயிற்று. பின்னர் நாயனார் கையில் ஏந்திய உழவாரம், 81 ஆண்டு என மரபு கூறும் அவர்தம் வாழ்நாளிறுதியிலும், திருப்புகலூரில் அவர் கையிலேயே இருந்தது.

அற்றேல், துன்பம் பிராரத்த வினையால் வருவதாகலின் முயற்சியாற் பயன் என்னை எனின், கூறுதும். நுகர்ச்சியே பிராரத்தம், அந்நுகர்ச்சியின்கண் நாம் செய்யும் செயல் ஆகாமியம். சென்ற ஆண்டுகளின் துயர் நுகர்ந்து கழிந்தது. இன்றை வைகறையில் எழுவதும் எழாமையும் நம் செயலேயாம். அன்றியும், துயர் தானும் இறைவனது மறக்கருணையாகலின், அது நம்மைத் திருத்தவே வந்தது. ஒறுத்துத் தள்ள வந்ததன்று.

இளமை வன்மை மீளாதே எனின், மீளாமை உண்மையே. 1748 ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் முற்றுகைக் காலத்தில், துய்ப்ளேக்சு ஆட்சியின்கீழ்ப் புதுச்சேரி வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். பழைய இடம் மீண்டிலது. ஆயினும், அந்நகரிலேயே வேறோரிடத்தில் கோயில் எழுந்தது, திருப்பெயர் அதுவே, வழிபாடும் இன்றுகாறும் நடைபெறுகின்றது. இடைவயதினர் மீட்கற்பாலதும் பழைய வன்மையன்று, ஒழுங்கேயாம். அது தளர்ந்த யாக்கையிலும் இடங்கொள்ளும்.

ஆதலின், மீள விரும்புவார் எல்லா நியமங்களையும் ஒருநாளிற் சுமவாது, ஒன்றையே பற்றுக. உடல்நோய்க்கு மருத்துவர் சொற்படி ஒழுகுதல் வேண்டும்; அது வழிபாட்டிற்கு மாறன்று. கோயிற்கு நடந்து சென்று, பிராகாரத்தில் ஒருமுழம் இடமேனும் அலகிடுதல், உடற்கு உழைப்பும் உளத்திற்கு ஒருமையும் ஒருங்கே தருவது. அதனைத் தனியே செய்யாது, நாடோறும் செய்யும் அடியார் ஒருவரோடு கூடிச் செய்க. ஒருநாள் தவறினும், மறுநாள் அவ்வடியார் அங்கிருப்பர். அவர் இருத்தலே நம்மை அழைக்கும். சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் அடியார் கூட்டத்தையும் ஆலயத்தையும் சேர்த்து வைத்தமை, ஞானியர்க்கே யன்றி, வீழ்ந்தெழுவார்க்கும் துணையாதல் காண்க.

திருச்சிற்றம்பலம்.